மூடுபனியில் வாகனம் ஓட்டுதல்

கங்கைச் சமவெளியில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை விடியற்காலைகளில் மூடுபனி கவிவது இயல்பு. பஞ்சாபிலிருந்து பீகார் வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலப்பரப்பு ஒரே வெண்போர்வையின் கீழ்க் கிடப்பதைச் செயற்கைக்கோள் படங்களிற் காணலாம். தென்னாட்டிலிருந்து அங்குப் பணிக்குச் செல்லும் ஓட்டுநர், இதனைத் தாம் மலைப்பாதைகளிற் கண்ட பனிமூட்டத்தைப் போன்றதென்றே எண்ணக்கூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மலையிற் பாதை வளைந்து செல்வதால் வேகம் தானாகவே குறைகிறது. சமவெளியிலோ சாலை நேராகவும் அகலமாகவும் இருக்கிறது. வேகத்தைக் குறைக்குமாறு அது யாரையும் வற்புறுத்துவதில்லை.

மூடுபனி எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் நோக்குவோம். இரவில் வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும்பொழுது, நிலம் தன் வெப்பத்தைக் கதிர்களாக வெளியிட்டு விரைவிற் குளிர்கிறது. அதனை அடுத்துள்ள காற்றும் குளிர்கிறது; சற்று மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமைந்துவிடுவதால் கீழுள்ள குளிர்காற்று கலைந்து செல்ல வழியில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் பெய்வித்த குளிர்கால மழையும், கோதுமை வயல்களுக்குப் பாய்ச்சிய நீரும் அக்காற்றில் ஈரத்தைச் சேர்த்திருக்கும். புகையும் தூசியும் நீராவி படிவதற்குக் கருக்களாக உதவுகின்றன. இவற்றின் சேர்க்கையே மூடுபனி. இதனை நுணுகி ஆராயும் பொருட்டுப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தில்லி விமான நிலையத்தில் தனி ஆய்வொன்றைத் தொடங்கியது.

வியப்புக்குரியது யாதெனில், ஒரு கன மீட்டர் மூடுபனியில் உள்ள நீர் பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவே. அந்நீர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு அளவுள்ள எண்ணற்ற திவலைகளாகப் பிரிந்து நிற்பதாலேயே ஒளியைச் சிதறடித்துப் பார்வையை மறைக்கிறது.

பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்பது வானிலையியல் வழக்கு. இந்திய வானிலைத் துறையின் பகுப்பின்படி 200 மீட்டருக்குக் குறைந்தால் அது அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்தது. வானொலியில் இச்சொற்களைக் கேட்கும் ஓட்டுநர், அவற்றைத் தம் வேகத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்குச் சிறிது கணக்குத் தேவை.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகள், ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கு 2.5 விநாடி ஆகும் எனக் கொள்கின்றன. அதன்பின் வண்டி நிற்பதற்கு மேலும் சிறிது தொலைவு செல்லும். இரண்டையும் கூட்டினால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு 45 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டரில் 80 மீட்டர். 100 கிலோமீட்டரில் 180 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கானால் தொலைவு நான்கு மடங்காகிறது என்பதைக் கவனிக்க. மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த 2.5 விநாடிக்குள்ளாகவே வண்டி ஏறக்குறைய 70 மீட்டர் கடந்துவிடும். 50 மீட்டர் மட்டுமே தெரியும் பனியில், பிரேக்கில் கால் படுமுன்னரே மோதல் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

ஆகவே 50 மீட்டர் தெரியுமாயின் 40 கிலோமீட்டரே மேல் எல்லை. நடுவிற் பிரிப்பில்லாத இருவழிச் சாலையில் இதுவும் மிகுதி. எதிரே முந்திக்கொண்டு வரும் வண்டியும் நிற்க இடம் வேண்டுமல்லவா? அங்கு நம் பங்கு 25 மீட்டரே. வேகமும் 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. பாரமேற்றிய லாரிக்கும், தேய்ந்த டயருக்கும் இன்னும் குறைக்க வேண்டும். களப்பணியாளர்கள் தம் பகுதிச் சாலையில் மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், எத்தனை கம்பங்கள் தெரிகின்றன என்பதைக்கொண்டே பார்வைத் தொலைவை மதிப்பிடலாம்.

2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யமுனை விரைவுச்சாலை, கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2017 நவம்பர் 8 அன்று காலை, புகையும் பனியும் கலந்த மூட்டத்தில் அங்குப் பல கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டன. அண்மை ஆண்டுகளிற் குளிர்காலத்தில் கார்களுக்கான 100 கிலோமீட்டர் வரம்பு அச்சாலையில் 75 ஆகக் குறைக்கப்பட்டு வந்துள்ளது. மேற்கூறிய கணக்கைச் செய்தவர்களுக்கு, அடர்ந்த பனியில் 75 என்பதும் பாதுகாப்பான வேகமன்று என்பது விளங்கும். சட்ட வரம்பு வேறு, கண்ணின் வரம்பு வேறு.

வேகத்தை மதிப்பிடுவதிலும் கண்ணை நம்புவதற்கில்லை. பனியில் ஓட்டுநர்கள் தம் வேகத்தை உள்ளதினும் குறைவாக உணர்கின்றனர் என்று 1998ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கூறிற்று. 2012ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு அதற்கு மாறான முடிவைக் கண்டது. அறிஞர்கள் வழக்கைத் தீர்க்கும்வரை வேகமானியைப் பார்த்து ஓட்டுவதே தக்கது.

விளக்குகளைப் பற்றிப் பல தவறான கருத்துகள் நிலவுகின்றன. உயர்ந்த ஒளிக்கற்றையை ஏற்றினால் மேலும் தெரியும் என்பது ஒன்று. உண்மையில் அவ்வொளி திவலைகளிற்பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி, வெண்சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். தாழ்ந்த கற்றையே ஏற்றது. பனிவிளக்கு தாழ்வாகப் பொருத்தப்படுவதும் இதனாலேயே. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது மற்றொன்று. மூடுபனித் திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவையாதலின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவிற் சிதறச் செய்கின்றன. எனவே நிறத்தைக் காட்டிலும் விளக்கின் உயரமும் ஒளி விழும் கோணமுமே முக்கியம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் செய்து காட்டலாம். கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பிச் சில துளி பாலைக் கலந்து, பின்புறம் எழுத்துள்ள அட்டையை நிறுத்துக. டார்ச் விளக்கைக் கண்ணை ஒட்டிப் பிடித்தால் வெண்மையே தெரியும். விளக்கைத் தொட்டியின் அடிமட்டத்திற்குத் தாழ்த்தினால் எழுத்து ஓரளவு தெளியும். பால் மிகுந்தால் சோதனை கெடும்.

முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பற்றிக்கொண்டு ஓட்டுவது பலரும் விரும்பும் வழி. அவ்வண்டி கவிழ்ந்தால் நாமும் உடன் கவிழ்வோம். இதனினும் கொடியது, விளக்கே இல்லாத வண்டி. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் கரும்பு அரைவைப் பருவமும் மூடுபனிப் பருவமும் ஒன்றே. டிராக்டர் இழுக்கும் வண்டிகள் இரு புறமும் கரும்பு பிதுங்க, பின்விளக்கின்றி ஊர்ந்து செல்லும். ஒளிதிருப்பும் பட்டைகளை அவ்வண்டிகளின் பின்புறத்தில் ஒட்டச் செய்வது களப்பணியாளர் எளிதிற் செய்யக்கூடிய தொண்டு. கரும்பு தொங்கிப் பட்டையை மறைக்குமாதலால் அதனைக் கண்டபின்னரே வண்டியை ஆலைக்கு அனுப்ப வேண்டும்.

வண்டி பழுதுற்றால் சாலையை விட்டு முற்றிலும் விலக்கி நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுக. ஓடும்பொழுது அவற்றை எரியவிட்டால் திரும்பும் குறி பிறருக்குத் தெரியாது. மோதல் நேர்ந்த இடத்திற் பலர் இறங்கிச் சாலையிலேயே நின்று வழக்காடுவர். அடுத்த வண்டி அவர்கள்மீது வந்து ஏறுவது உண்டு. முதலில் அனைவரும் சாலையோரத் தடுப்பைக் கடந்து அப்பாற் செல்ல வேண்டும்; பிறகே தொலைபேசி.

சூரியன் உதித்தவுடன் பனி விலகுமென்று எதிர்பார்த்துப் புறப்படுவோரும் உளர். உதயத்தை ஒட்டிய வேளையிற் பனி மேலும் அடர்வதுண்டு. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் அது மெலிகிறது. காலை ஆறு மணிக்கு ஜீப்பை வரச் சொல்லும் அதிகாரி, அக்குளிர்கால வாரங்களிற் பத்து மணிக்கு வரச் சொல்லலாம்.