ஜாடி இருக்கட்டும், சரக்கைப் பார்

கண்டமங்கலம்
ஐப்பசி மழைக்கு நடுவில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை உன் அத்தையும் நானும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தோம். தாம்பரம் வீட்டில் மூன்று தட்டு நிறைய ஒரே அளவுக் கண்ணாடி ஜாடி, வெள்ளை மூடி, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் லேபிள். “மருந்துக்கடை மாதிரி சுத்தமா இருக்கு” என்றாள் அத்தை. அது பாராட்டா கிண்டலா என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே தெரியவில்லை. நீ கேட்டது, “எப்படி மாமா இருக்கு?” நாற்பது வருஷம் மளிகைக் கடையில் உட்கார்ந்தவனிடம் இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அளவு. கடுகுக்கும் ஒரு லிட்டர் ஜாடி, அரிசிக்கும் ஒரு லிட்டர் ஜாடி. நீங்கள் இருவர். அந்தக் கடுகு தீர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த அரிசி நாலு நாள் தாண்டாது. அதனால்தான் போட்டோவின் ஓரத்தில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்ட சிப்பம் ஒன்று நிற்கிறது. அதை மறைத்துவிட்டுப் படம் எடுத்திருக்கலாம், உனக்குத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 26 கிலோ சிப்பம்தானே? 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பொட்டல அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தபோது, ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு வரியைத் தாண்டினார்கள். அது வியாபாரியின் கணக்கு. ஃபிளாட்டில் இரண்டு பேருக்கு அது கணக்கில்லை. ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கு. பத்து கிலோ பிடிக்கிற எவர்சில்வர் டிரம் ஒன்று அரிசிக்கு. கடுகு, வெந்தயம், மிளகுக்கு உள்ளங்கையில் அடங்குகிற டப்பா போதும். எத்தனை நாளில் காலியாகும் என்று பார்த்து டப்பா எடு. கடைக்காரன் செட்டாக விற்கிறான் என்பதற்காக நாமும் செட்டாக வாங்க வேண்டுமா?

அடுத்தது, புதுச் சரக்கைப் பழையதன் தலையில் கொட்டாதே. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. எனக்கு அப்போது பதினாறு வயசு. அப்பா விழுப்புரம் மண்டிக்குப் போயிருந்தார். ரவை டின்னில் அடியில் ஒன்றிரண்டு கிலோ கிடந்தது. நான் பெரிய மனுஷன் மாதிரி புது மூட்டையை அதன் மேலேயே கவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு அம்மாவுக்கு அள்ளிப் போட்டபோது ரவை உதிரவில்லை. நூல் கோத்த மாதிரி கட்டி கட்டியாகக் கரண்டியில் தொங்கியது. அந்துப்பூச்சியின் புழு பின்னிய நூல். அப்பா அடிக்கவில்லை. டின்னை வெயிலில் கவிழ்த்து, அடி மடிப்பில் சாவியால் கீறிக் காட்டினார். அந்த இடுக்கில் மாவும் புழுவும் அடையாக ஒட்டியிருந்தன. அந்த ரவை முழுக்க மாட்டுக்குப் போனது.

ஆகவே டப்பா காலியானால் கழுவி, மடிப்பு வரை துடைத்து, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகு புதியதைப் போடு. கொஞ்சம் மிச்சமிருந்தால் அதைக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்து முதலில் தீர்த்துவிடு. நம் தாத்தா வீட்டு நெற்குதிர் நீ பார்த்திருக்க மாட்டாய். மண்ணால் செய்தது, ஆள் உயரம். நெல்லை மேலே கொட்டுவார்கள், அடியில் இருக்கும் ஓட்டை வழியாக எடுப்பார்கள். முதலில் போனது முதலில் வெளியே வரும். யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, பாத்திரமே அப்படி. உன் அலமாரியில் அந்த வேலையை நீதான் கையால் செய்ய வேண்டும்: புதுப் பொட்டலம் பின்னால், பழையது முன்னால்.

லேபிள் பற்றி ஒரு சண்டை. கண்ணாடிக்குள் துவரம்பருப்பு தெரிகிறது, மேலே அதையே எழுதி ஒட்டியிருக்கிறாய். தெரியாததற்கல்லவா எழுத வேண்டும்! பச்சரிசி மாவு, மைதா, சோள மாவு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இட்லி அரிசியும் சாப்பாட்டு அரிசியும் அவசரத்தில் குழம்பும். அவற்றுக்குப் பெயர் எழுது. மற்றதற்கெல்லாம் வாங்கிய தேதியை மட்டும் எழுது. பென்சிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பும் போதும்.

பெயர் பொறித்த பெட்டிகள் புதிதும் இல்லை. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், கைப்பிடியோடு, முனையில் கொட்டுவாயோடு. கரண்டியே வேண்டாம், அப்படியே உருவிக் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, அந்த மரத்தின் துவர்ப்புக்குப் புழு அண்டாது என்று. நம் வீட்டில் அரிசிக்குள் வேப்பிலையும் வசம்பும் போட்டவர்களுக்கு அந்த அம்மாவின் யோசனை நன்றாகவே புரிந்திருக்கும். பெயர் எழுதியதில் என்ன பெருமை? எட்டுகிற இடத்தில் வைத்ததும், எது எதில் கெடாது என்று யோசித்ததும்தான் பெரிய விஷயம்.

பூச்சி விஷயத்தில் பலர் மூடியை நம்புகிறார்கள். பச்சைப்பயறு, முழு உளுந்து, தட்டைப்பயறு இவற்றில் வண்டு பல சமயம் வயலிலேயே முட்டையிட்டு விடும். நம் மாவட்டம் உளுந்து மாவட்டம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உளுந்தும் மணிலாக்கொட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பயறை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார். தோலின் மேல் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. புழு உள்ளே குடைந்து தின்று, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். எவ்வளவு இறுக்கமான மூடியாக இருந்தாலும், திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் பருப்பாக வாங்கு, முழுப்பயறைக் கொஞ்சமாக வாங்கு. வாங்கியதும் ஒரு நாள் நல்ல வெயிலில் துணி விரித்துக் காயவை. ஆறின பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வராத ஃபிளாட் என்றால், பொட்டலத்தை நாலைந்து நாள் ஃபிரீசரில் வைத்து எடு. பழைய ஆட்கள் துவரைக்கு விளக்கெண்ணெய் தடவி வைத்ததும் இதற்குத்தான், எண்ணெய் பட்ட பயறில் முட்டை பிழைக்காது.

கடை நடத்தியபோது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று வாங்கினேன். சின்னச் சின்ன ஓட்டை போட்ட குழாய், மூட்டைக்குள் செருகி வைக்க வேண்டும். காற்றைத் தேடி வரும் வண்டு ஓட்டை வழியாக நுழைந்து கீழே விழுந்துவிடும், மேலே ஏற முடியாது. காலையில் கடை திறந்ததும் குழாயைக் கழற்றி எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அத்தைக்கு அருவருப்பு.

ஜன்னலோரத் தட்டில் வேர்க்கடலையும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறாய். வெளிச்சம் பட்டால் தூள் வெளுக்கும், கடலை சிக்கு வாடை அடிக்கும். அவற்றைக் கதவு உள்ள அலமாரிக்கு மாற்று. ஜன்னலோரம் அழகாக ஏதாவது வேண்டுமென்றால் காலி ஜாடியை வை. கடலையில் இன்னொன்று: பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதையும் வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தால், தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விட்ட நஞ்சு. அஃப்லடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. நம் வறுவல் சட்டியின் சூட்டுக்கு அது முழுசாக அழியாது. காசு போகிறதே என்று பார்க்காமல் கொட்டிவிடு.

ஜாடியின் கழுத்தும் உன் கைக்கு ஒத்துவராது. உள்ளே கை போகவில்லை என்றால் எப்படித் துடைப்பாய்? பாண்டிக்கு அந்தப் பக்கம் அரிக்கமேடு இருக்கிறதே, அங்கே 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியர்களின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஒடுங்கிய கழுத்து, கூரான அடி. மதுவும் எண்ணெயும் கப்பலில் வந்த ஜாடிகள். ஊற்றுவதற்கு ஒடுங்கிய வாய், அள்ளுவதற்கு அகன்ற வாய். இரண்டாயிரம் வருஷமாக இதில் மாற்றமில்லை.

உப்பை எவர்சில்வரில் வைத்திருக்கிறாய். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு மழைக்காலத்தில் கசியும், அதிலுள்ள மெக்னீசியம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த உப்புத் தண்ணீர் எவர்சில்வரிலும் ஊசி குத்தின மாதிரி புள்ளி போடும். உப்பு, புளி, ஊறுகாய் மூன்றுக்கும் பீங்கான்தான்.

கனமானதைக் கீழ்த்தட்டில் வைப்பது சரி, தரையில் மட்டும் வைக்காதே. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்ததே, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் வந்தது நாலு விரல் தண்ணீர். நாலு விரல் போதுமே! தரையில் இருந்த ரேஷன் அரிசி மூட்டை அடியிலிருந்து உறிஞ்சி, மூன்றாம் நாள் புளித்த வாடை. பக்கத்திலேயே பலகை மேல் இருந்த மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ இரண்டாவது மாடிதான், வெள்ளம் வராது. ஆனால் சிங்க் குழாய் ஒழுகும், வீடு துடைக்கிற தண்ணீர் ஓடும். டிரம்முக்கு அடியில் ஒரு மணை போடு.

ஏதோ எல்லாவற்றையும் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அழகு வேண்டாமென்று நான் சொல்லவே இல்லை. உன் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியை நினைத்துப் பார். பெயர் அஞ்சறை, கிண்ணம் ஏழு. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற நேரத்தில் அடுத்த மூடியைத் திருகித் திறக்க எங்கே நேரம்? ஒரே மூடியைத் தூக்கினால் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் கண் முன்னால். அவள் பார்த்தே எடுக்க மாட்டாள், விரல் தானாகப் போகும். மஞ்சள் கிண்ணம் மட்டும் எப்போதும் தன் வலது பக்கம் வருகிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைப்பாள். அந்தப் பெட்டியைவிட அழகான சாமானை என் கடையில் நான் விற்றதில்லை. அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் அது ஒன்று இருந்தால், மற்ற ஜாடிகள் எப்படி நின்றாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ரயிலில் வருகிறாள். பாட்டியின் பீங்கான் ஜாடியைப் பழைய வேட்டியில் சுற்றி அவளிடம் கொடுத்திருக்கிறேன், இரண்டு கிலோ கல்லுப்போடு. அதன் சொந்த மூடி உடைந்துபோய்விட்டது. கூட வருவது வேறொரு ஜாடியின் மூடி, கொஞ்சம் ஆடும். துணி கட்டி மூடு. உள்ளே போட ஒரு கொட்டாங்குச்சி அகப்பையும் வைத்திருக்கிறேன், இரும்புக் கரண்டியைப் போட்டு வைக்காதே.

அன்புடன்,
மாமா