இரும்பைக் குறைக்கும் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

ராணுவம் கழித்துவிட்ட ஜீப் டிரெய்லர் ஒன்றை, மலைப்பாதையில் இழுத்துப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கும் வண்டியாக மாற்றித் தரும் வேலை உன் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு வந்திருக்கிறது. எங்கெங்கே பலப்படுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இது லாரிப் பட்டறைக்காரன் கேட்கும் கேள்வி. லீ பஜாரில் மூட்டை இறக்கும் வண்டிகளையும் நாமக்கல்லில் பாடி கட்டி வரும் வண்டிகளையும் பார்த்துப் பழகிய கை, ஸ்பிரிங் தணிந்தால் ஒரு பிளேட் கூட்டும், சேஸ் தளர்ந்தால் ஒரு சேனலை வைத்துப் பற்றவைக்கும். டன் கணக்கில் சுமக்கிற வண்டிக்கு அது சரி. இந்தச் சின்ன டிரெய்லரை அதே கை கெடுத்துவிடும். எதைச் சேர்க்காமல் விடுவது, எதைக் கழற்றுவது என்பதில்தான் இங்கே உன் திறமை தெரியும்.

இந்த வகை டிரெய்லரின் பிறப்பைப் பார். ஜீப்பின் முதல் மாதிரியை 1940இல் செய்து காட்டியது அமெரிக்காவின் பாண்டம் என்ற சிறிய கம்பெனி. பெரிய ஆர்டர் வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாண்டம், அந்த ஜீப்பின் பின்னால் ஓடும் டிரெய்லரைச் செய்து போர்க்காலத்தை ஓட்டியது. கால் டன் டிரெய்லர் என்று பெயர். அவர்கள் கணக்கில் கால் டன் என்றால் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. காலி எடை சுமார் 250 கிலோ. ஜீப்புக்கும் அதற்கும் ஒரே சக்கரம். முன்வண்டி பதித்த தடத்திலேயே பின்சக்கரமும் உருளும், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். இத்தனையும் கணக்குப் போட்டுச் செய்தது. 227 கிலோ என்பது காடுமேட்டில் இழுப்பதற்கான அளவு, அதைத்தான் நீ முதலில் மனதில் வைக்க வேண்டும்.

இப்போது உன் கடையில் கிடக்கும் 3 மி.மீ. தகட்டை எடுத்துக்கொள். ஒரு சதுர மீட்டர் 23.5 கிலோ. சுற்றுப் பெட்டிக்கும் மூடிக்கும் ஐந்து சதுர மீட்டர் போனால் 118 கிலோ ஆகிறது. சோற்றுப்பானை ஏறுவதற்கு முன்பே பாதிச் சுமை தீர்ந்தது. அதையே 1.2 மி.மீ. தகட்டில், விளிம்பை மடக்கி விறைப்புக் கொடுத்துச் செய்தால் 47 கிலோ, 2 மி.மீ. அலுமினியத்தில் 27. மேலே விரியும் கூடாரம் ஐம்பது அறுபது கிலோ, அறுபது லிட்டர் தண்ணீர் அறுபது கிலோ, பேட்டரி முப்பது, அடுப்பும் சிலிண்டரும் சாமான்களும் தனி. மெல்லிய தகட்டில் இது கட்டுப்படியாகும், கனத்த தகட்டில் ஆகாது. ராணுவச் சாமானில் சுமையை எப்போதும் குறைத்துத்தான் எழுதியிருப்பான், இரட்டிப்பு தாங்கும் என்பார்கள். தார் ரோட்டில் தாங்கக்கூடும். கல்லும் பள்ளமுமான தடத்தில் ஒவ்வொரு குதிப்பும் சுமையை ஒரு நொடிக்குப் பெருக்கி ஆக்ஸிலில் இறக்குகிறது. அதற்காக விட்டுவைத்த இடத்தைத்தான் நீ தகட்டால் அடைக்கப் பார்க்கிறாய்.

எடையைவிட அது உட்காரும் இடம் முக்கியம். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் ஹிட்ச்சின் மேல் அமர வேண்டும். வண்டியும் சுமையும் சேர்ந்து 480 கிலோ என்றால் ஐம்பதிலிருந்து எழுபது கிலோ. அதற்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்; ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன்வண்டியின் பின்புறத்தையே பிடித்துத் தள்ளும். ஆக்ஸிலுக்கும் ஹிட்ச்சுக்கும் 1.6 மீட்டர் தூரம் என்று வை. அறுபது கிலோ தண்ணீர்த் தொட்டியை ஆக்ஸிலுக்குப் பின்னால் 80 செ.மீ. தள்ளி மாட்டினால், ஹிட்ச்சின் எடையில் முப்பது கிலோ காணாமல் போகும். குழாய் வைக்க வசதி என்று எல்லோரும் தொட்டியைப் பின்பக்கம்தான் மாட்டுகிறார்கள்! ஆக்ஸிலுக்கு நேர் மேலே, பெட்டித் தரையை ஒட்டி வை. தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் கணக்கு மாறாது.

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். முழுச் சாமானும் ஏற்றி எடைமேடையில் நிறுத்தியும் ஸ்பிரிங் அசையாமல் விறைத்து நின்றால், கல்பாதையில் சக்கரம் தரையில் நிற்காது. பெட்டிக்குள் முட்டை உடைவதோடு வெல்டிங்கும் விடும். மெயின் பிளேட்டைத் தொடாமல் கீழ்ப் பிளேட் ஒன்றைக் கழற்றி, யு-போல்ட்டை மறுபடி இறுக்கி ஓட்டிப் பார். அந்தப் பிளேட்களின் மேல் பற்றவைக்காதே. சூடு பட்டால் பதம் போய்விடும். டிராபார் முனையில் இருக்கும் வளையத்தை வெட்டிவிட்டு 50 மி.மீ. பந்துக்கான கப்ளிங் மாட்டச் சொல்வார்கள், சத்தம் வராது என்று. தார் ரோட்டோடு நிற்பவருக்கு அது போதும். ஆனால் கொக்கியும் வளையமும் விடும் சுழற்சியைப் பந்து விடாது. ஜீப் ஒரு பக்கம், டிரெய்லர் மறுபக்கம் சாயும் இடத்தில் முறுக்கு முழுவதும் டிராபாரில் ஏறும். சத்தத்துக்காக வளையத்தைக் கழற்றுவது நியாயமில்லை. சங்கிலி இரண்டை மட்டும் கூடுதலாக மாட்டு, இங்கே இரும்பு சேரலாம். அடுத்தது பிரேக். இந்தச் சின்ன டிரெய்லர்களில் இருப்பது நிறுத்தி வைப்பதற்கான ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் இழுக்கலாம் என்பது சட்டம். கொல்லிமலையின் எழுபது வளைவுகளுக்கு அந்த அளவை நம்பாதே, ஐந்நூறுக்குள் நிறுத்து. விளக்குகள் 24 வோல்ட்டாக இருந்தால் 12க்கு மாற்ற மறக்காதே.

வாடிக்கையாளர் ராணுவப் பச்சை அப்படியே இருக்கட்டும் என்பார். முடியாது, மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தை ராணுவத்துக்கு மட்டும் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே ஆர்.சி.யும் ஏலத் தாள்களும் கைக்கு வராமல் கட்டிங் வீலை எடுக்காதே; தாளில் இருக்கும் எடையே உன் எல்லை.

கடைசியாக நீ கேட்கப்போவது தெரிகிறது: இரும்பைக் கிலோ கணக்கில்தானே பில் போடுகிறோம், குறைத்தால் கூலி எங்கே? பக்கத்துப் பட்டறைக்காரன் செக்கர் தகடு அடித்துக் கம்பீரமாகக் காட்டிவிடுவானே? நியாயமான பயம்தான். மெல்லிய தகட்டை நெளியாமல் பற்றவைக்கக் கை வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கேள். வேலை முடிந்ததும் டிரெய்லரை எடைமேடைக்கு இழுத்துப்போய் இரண்டு சீட்டு வாங்கு, காலியாக ஒன்று, சுமையோடு ஒன்று. ஹிட்ச்சின் எடையைக் குளியலறைத் தராசில் பார்த்து அதன் கீழே எழுது. பில்லோடு அந்தச் சீட்டுகளையும் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்