தாலி ஏறினால் விசா நீளுமா?

சேலம் அம்மாபேட்டையில் வெளிநாட்டு மருமகளோ மருமகனோ இப்போது அதிசயம் இல்லை. தறிக்காரர் வீட்டுப் பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். கூடப் படித்த பெண்ணை ஆடிப் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்து வருகிறான். வந்தவள் கையில் இருப்பது சுற்றுலா விசா. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு, குகை வண்டி வேடிக்கையையும் பார்த்து, ஊர் பிடித்துப்போய், கல்யாணத்தை முடித்து இங்கேயே இருந்துவிடலாம் என்று பேச்சு கிளம்பும்போது தெருவில் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்கிறார்கள். அவற்றில் பாதி தவறு. மீதி, வேறு ஏதோ நாட்டுச் சட்டம்.

நம்பிக்கை: "தாலி கட்டியாச்சுன்னா அப்புறம் யாருங்க கேக்கப் போறாங்க?"

கேட்பார்கள். திருமணம் உங்களைக் கணவன் மனைவி ஆக்கும். விசாவில் ஒரு நாளைக்கூடக் கூட்டாது. ஆனால் இந்திய விதிகளில் ஒரு வாசல் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும்போதே, விசா உயிரோடு இருக்கும்போதே, இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர் தம் விசாவை என்ட்ரி விசாவாக மாற்றக் கோரலாம் (இ-சுற்றுலா விசாவின் கதை வேறு, கீழே வருகிறது). இணையர்களுக்கு உரிய வகைக்கு எக்ஸ்-2 என்று பெயர். அதற்குப் பதிவான திருமணச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அதிகாரியின் அறிக்கையும் வேண்டும். இவருடைய முன்வரலாறு என்ன, இருவரும் உண்மையிலேயே ஒன்றாக வாழ்கிறார்களா, பாதுகாப்பு ஆட்சேபம் ஏதும் உண்டா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வரும். ஆகவே போலீஸ் விசாரணைக்கு ஆள் வீடு தேடி வந்தால் பதறவேண்டாம். அது வழக்கு அல்ல, விண்ணப்பத்தின் ஒரு படி.

இதற்காகச் சென்னைக்கு நடையாய் நடக்கவேண்டும் என்பதும் பழைய கதை. 2018 முதல் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்; கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

நம்பிக்கை: "கோயில்ல மாலை மாத்தி போட்டோ எடுத்துட்டா அதுவே ஆதாரம்."

குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே. 1967 தமிழ்நாட்டுத் திருத்தம் தந்த சுயமரியாதைத் திருமணமும் அதே வட்டத்துக்குள்தான் வரும். மலேசியாவிலிருந்து வரும் தமிழ் இந்து மாப்பிள்ளைக்கு இது பொருந்தும். பெர்லினிலிருந்து வரும் கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பொருந்தாது. எத்தனை ஐயர் வைத்து எத்தனை ஹோமம் வளர்த்தாலும் சரி. அவர்களுக்கான வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். சேலத்துக்காரர் ஒருவர் இருப்பதால் அது சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்தது: அறிவிப்பு கொடுத்து, அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, 30 நாள் கழிந்த பிறகே திருமணம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். வெளிநாட்டவரிடம், இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்று அவர் நாட்டுத் தூதரகம் தரும் சான்றும் கேட்பார்கள்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வாருங்கள். 30 நாள் இ-விசாவில் ஆடி முதல் வாரம் வந்து இறங்குகிறாள் பெண். ஆடியில் நம்மவர்கள் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள், ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். ஆவணி பிறக்கும்போது விசாவில் மிஞ்சியிருப்பது அதிகம் போனால் சில நாள். வந்து இறங்கிய அன்றே அறிவிப்பு கொடுத்திருந்தாலும் 30 நாள் விசாவுக்குள் சிறப்புத் திருமணம் அடங்காது. இது கூட்டல் கழித்தல்தான், வக்கீல் தேவையில்லை. ஆனாலும் பத்திரிகை அடித்த பிறகுதான் பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள்.

இந்த நெருக்கடி உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2022இல் கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளையும் அறிவிப்பு கொடுத்துக் காத்திருந்தார்கள். காத்திருப்புக் காலம் கழிந்தும் திருமணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை ஊர் திரும்பவேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், காணொளி வழியே திருமணத்தை நடத்திப் பதிவு செய்யுமாறு மணவாளக்குறிச்சி சார்பதிவாளருக்கு உத்தரவிட்டார். அதைக் காட்டி "வீடியோ கால்லயே முடிச்சுக்கலாம்" என்று கிளம்பவேண்டாம். அது அவர்கள் வழக்குப் போட்டுப் பெற்ற ஆணை.

நம்பிக்கை: "நாள் முடியப்போகுதுன்னா கொழும்பு போய்ட்டு வந்தா புதுசா ஆரம்பிக்கும்."

இ-சுற்றுலா விசா நீட்டிக்கத்தக்கதல்ல, மாற்றத்தக்கதல்ல என்று அதன் அறிவுறுத்தலிலேயே அச்சாகியிருக்கும். தூதரகத்தில் ஒட்டித் தரும் சுற்றுலா விசாவும் நோய், விமானம் ரத்து போன்ற நெருக்கடிகளுக்குத்தான் கொஞ்சம் நீளும், காதலுக்கு நீளாது. ஓராண்டு, ஐந்தாண்டு இ-விசா வைத்திருப்பவருக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை மொத்தம் 180 நாள் என்ற உச்சவரம்பு உண்டு. கொழும்பில் நீங்கள் குடித்த டீ அந்தக் கணக்கை அழிக்காது. என்னைக் கேட்டால், திருமணத்தைப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் என்ட்ரி விசா வாங்கி வருவதுதான் சுத்தமான வழி. விமான டிக்கெட் செலவுதான், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம். 180 நாளுக்கு மேற்பட்ட அந்த விசாவில் வந்தால் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள மறக்கக்கூடாது.

நம்பிக்கை: "அப்ளிகேஷன் போட்டாச்சுன்னா முடிவு வர்ற வரைக்கும் இருக்கலாம்."

இது ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதியான நம்பிக்கை. அங்கே உள்நாட்டில் இருந்தபடி இணையர் விசாவுக்கு விண்ணப்பித்தால், கையிலுள்ள விசா முடியும்போது பிரிட்ஜிங் விசா கைகொடுக்கும். அதற்கும், "மேலும் தங்கக்கூடாது" என்ற நிபந்தனை பழைய விசாவில் இருக்கக்கூடாது. பிரிட்டனில் பார்வையாளராக வந்தவர் உள்ளேயிருந்தே இணையர் விசாவுக்கு மாற விதி இடம் தருவதில்லை. இந்தியாவில் பிரிட்ஜிங் விசா என்று ஒரு வகையே கிடையாது. ரசீது ரசீதுதான். கடைசி நாளில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், வாரக்கணக்கில் முன்னதாகவே போடுங்கள்.

நம்பிக்கை: "கூடுதலா இருந்தா என்ன, ஏர்போர்ட்ல ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்."

1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விசாக் காலம் தாண்டித் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் பலருக்கும் தெரியாத தண்டனை வேறு. ஒருவர் முறையாக உள்ளே வந்திருந்தாலும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர் சட்டவிரோதக் குடியேறி. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் குழந்தை பிறக்கும் நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருக்க வேண்டும். மருமகளுக்கு எட்டாம் மாதம், விசா முடிகிறது, "பிரசவம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு பேரக்குழந்தையின் பாஸ்போர்ட்டில் வந்து முட்டும். மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும், ஆனால் அது பிறந்ததற்குத்தான் சான்று. மருமகளே பின்னாளில் குடியுரிமை கேட்கும்போதும் இதே சொல் குறுக்கே நிற்கும். பதிவின் மூலம் குடியுரிமை பெறும் பிரிவு சட்டவிரோதக் குடியேறிக்குத் திறக்காது.

இந்தக் கண்டிப்பு அகதி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். முகாம் பெண்ணை உள்ளூர்ப் பையன் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆவணம் இல்லாமல் வந்தவர் என்ற முத்திரையைத் தாலி அழிப்பதில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டனை இல்லை, அவ்வளவுதான். குடியுரிமை அதில் இல்லை.

நம்பிக்கை: "நம்ம வீட்டு விருந்தாளி, போலீசுக்கு எதுக்குச் சொல்லணும்?"

ஓட்டலோ வீடோ, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டியது தங்கவைத்தவர் கடமை. ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். அந்தத் தகவல் படிவத்தைப் பலரும் இன்னும் சி-ஃபார்ம் என்றே சொல்கிறார்கள்.

நம்பிக்கை: "கல்யாணம் எதுக்கு, சேர்ந்து வாழ்ந்தா போதும்."

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மணமாகாத இணையருக்கும் விசா உண்டு. இங்கே இல்லை. ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டதால், அந்த இணையர்களுக்கு இந்த வாசலும் இல்லை. இது அநியாயம் என்பது என் கருத்து. சட்டம் இப்போதைக்கு இப்படி.

நம்பிக்கை: "ரெண்டு வருஷம் ஆனா சிட்டிசன்ஷிப் வந்துடும்."

இரண்டு ஆண்டில் விண்ணப்பிக்கத் தகுதி வருவது ஓசிஐ எனும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு. திருமணம் பதிவாகி, இடைவெளியின்றி இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். பதிவு செய்யாத திருமணம் கணக்கிலேயே சேராது. தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், இதில் தள்ளிப்போடக் காரணமே கிடையாது. பாகிஸ்தான், வங்கதேசப் பூர்விகம் உள்ளவருக்கு ஓசிஐ கிடைக்காது. மணமுறிவு ஆனால் இணையர் என்ற முறையில் பெற்ற அட்டையை ரத்து செய்யலாம். குடியுரிமைக்கோ திருமணமாகி இங்கே ஏழாண்டு வசித்திருக்க வேண்டும், சொந்த நாட்டுக் குடியுரிமையையும் விடவேண்டும்.

ஓசிஐ அட்டைக்கு ஓட்டு இல்லை. நாமக்கல் பக்கத்து மாமனார்கள் ஆசையாகக் கேட்கும் கேள்விக்கும் பதில் இல்லை என்பதே: வெளிநாட்டு மருமகன் பெயரில் தென்னந்தோப்பையோ கிணற்றுப் பாசன நிலத்தையோ கிரயம் வாங்க முடியாது. வீடு வாங்கலாம்.