ஊர் மாறி ஆடப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தருமபுரியில் டிகிரி முடித்த கையோடு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.ஜி. சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். ஹாஸ்டலில் நீ இன்னும் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாய். அதற்குள் உன்னைப் பற்றிய பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. "ஸ்பீடு இருக்குது, ஹைட்டு பத்தாது" என்கிறார் ஒருவர். "அங்க போட்ட பாயிண்டெல்லாம் எந்த டீமுக்கு எதிரா போட்டது?" என்கிறார் இன்னொருவர். "ஒரு வருஷம் விட்டுப் பாருங்க, இந்தியா கேம்புக்கே போயிருவா" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். மூன்று பேரில் ஒருவரும் நீ ஆடி நாலு மேட்சை முழுசாகப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றுதான் எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாஸ்கெட்பால் பார்க்கக் கூட்டம் வருவதே பெரிது. அதுவும் பெண்கள் ஆட்டத்துக்கு வந்து, புதிதாக வந்தவள் தேறுவாளா மாட்டாளா என்று மல்லுக்கு நிற்கிறார்கள் என்றால் நல்லதுதான். கேட்டுக்கொள். ஆனால் முதலாமவரையும் மூன்றாமவரையும் விட்டுவிடு. உயரத்தை மாற்ற உன்னால் ஆகாது. இந்தியா கேம்ப் இன்று உன் கையில் இல்லை. இரண்டாமவர் கேட்டதுதான் கேள்வி.

அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார். பழைய டீமில் பந்து எப்படிச் சுற்றினாலும் கடைசியில் உன் கைக்குத்தான் வந்தது. இருபது ஷாட் போட்டால் இருபது பாயிண்ட் வரத்தான் செய்யும். புதிய டீமில் உன்னைப்போல ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்து வந்த நாலைந்து பேர் இருப்பார்கள். உனக்கு ஆறு ஷாட் கிடைத்தால் அதிகம். ஆகவே பாயிண்ட் கணக்கு உன்னோடு பஸ் ஏறி வராது. டிஃபென்ஸில் கால் நகர்த்துவது, பாக்ஸ்-அவுட் பண்ணி ரீபவுண்ட் எடுப்பது, இரண்டு பேர் மேலே வந்து விழும் முன் பாஸைக் கொடுத்துவிடுவது, யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோ: இவை வரும். எந்த டீமிலும் இவற்றுக்கு வேலை உண்டு.

முதல் மாதத்திலேயே உனக்கு ஒன்று நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல வலது பக்கம் டிரிபிள் செய்து உள்ளே நுழையப் பார்ப்பாய். எதிரே நிற்பவள் உன் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். தன் இடது காலை முன்னால் வைத்து உன் வலது பக்கத்தை அடைத்துவிட்டு, இந்தா போ என்று இடது பக்கத்தைத் திறந்துவிடுவாள். இடது கையில் உனக்கு லே-அப் சரியாக வராது என்று அவளுக்குத் தெரியும். நீ ஒரு கணம் தயங்குவாய். ஹெல்ப்புக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். ஷாட் போடக் கெடு வைக்கும் 24 நொடிக் கடிகாரத்தில் 5 நொடி மிச்சம் இருக்கும். அந்தக் கடிகாரம் இல்லாமலே ஆடிப் பழகிய உனக்கு அது எமனாகத் தெரியும். பந்து பறிபோனதும் கேலரியில் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு குரல் வரும். அந்த ஆளுக்குப் பதில் சொல்லப் போகாதே. மறுநாள் காலை பிராக்டிஸுக்கு அரை மணி முன்னாலேயே போய் இடது கை லே-அப் போடு.

ஊர் மாறினால் ஆட்டக்காரிக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அங்கே 2021 முதல், கல்லூரி மாறும் வீராங்கனை ஒரு வருடம் வெளியே உட்காராமல் உடனே ஆடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் யார் எங்கே போகிறாள், போனால் தேறுவாளா என்பதே ரசிகர்களுக்குப் பேச்சு. ஹெய்லி வான் லித் என்ற கார்டு லூயிவில் கல்லூரியில் 2022-23 சீசனில் மேட்சுக்குச் சராசரி 19.7 பாயிண்ட் எடுத்தாள். அடுத்த வருடம், அப்போதைய தேசிய சாம்பியனான லூசியானா ஸ்டேட்டுக்குப் போனாள். அங்கே ஷாட் போடும் வேலை போய், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு வேலை வந்தது. சராசரி 11.6-க்கு இறங்கியது. 2024-ல் தேசியப் போட்டியில் அயோவாவுக்கு எதிரான காலிறுதியில் கெய்ட்லின் கிளார்க்கை மறிக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. கிளார்க் 41 பாயிண்ட் போட்டாள். இவள் கதை முடிந்தது என்று நாடே தீர்ப்பு எழுதியது.

அவள் மறுபடி மாறினாள். டெக்சஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் உயரமான சென்டர் ஒருத்தி ஸ்கிரீன் போட, இவள் பிக்-அண்ட்-ரோல் ஆடினாள். சராசரி 17.9. 2025-ல் அந்தக் கல்லூரி தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக அந்தத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு டீம்களுக்குள் வந்தது. அவளை அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் டிராஃப்டில் 11-ஆவதாக எடுத்தார்கள். மூன்று கல்லூரியிலும் ஆடியது அதே பெண்தான். டீம் கொடுத்த வேலைதான் வேறு. ரசிகர்கள் திறமையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். விவாதிக்க வேண்டியது அவளை எங்கே நிறுத்தினார்கள் என்பதை.

உனக்கும் அதே விஷயம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சரிப்படவில்லை என்று அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குத் தாவ உனக்கு வழியில்லை. பி.ஜி. இரண்டே வருடம். அதற்குள் பல்கலைக்கழக டீம், சவுத் ஜோன், அகில இந்தியப் போட்டி எல்லாம் வர வேண்டும். மேட்ச் டீமில் 12 பேருக்குத்தான் இடம். ரயில்வே, போலீஸ், மாநில அரசின் 3 சதவீத ஒதுக்கீடு என்று எங்கே போனாலும் சர்டிஃபிகேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். பெஞ்சில் இருந்தாலும் 12-க்குள் இரு. அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போய்விடாதே. படிப்பு நின்றால் ஆட்டமும் நின்றது.

இன்னொரு பேச்சும் வரும், கேலரியிலிருந்து அல்ல, வீட்டுப் பக்கத்திலிருந்து. "எல்லாம் கல்யாணம் வரைக்கும்தான்." நம் மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்கிறோம். பதிலுக்குச் சென்னையின் அனிதா பால்துரையைச் சொல். 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப்பில் 9 தடவை ஆடியவர். தாயான பிறகும் திரும்பி வந்தவர். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை இந்தியா வென்றபோதும் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ. கீது அன்னா ஜோஸையும் சொல். 2011-ல் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தன, இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் சின்ன ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. சதர்ன் ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் ஆடிக்கொண்டே இருந்தார், 2014-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் மேட்சுக்கு முன்னால் கோச்சைத் தனியாகப் பார். எத்தனை நிமிஷம் ஆடவிடுவீர்கள் என்று கேட்காதே. "இந்த டீம்ல என் வேலை என்ன சார்?" என்று கேள். எதிர் டீமின் பெஸ்ட் கார்டை மறிப்பது என்று சொன்னால் அதைச் செய். ரீபவுண்டுக்குப் போவது என்றால் அதைச் செய். அந்த ஒரு வேலையில் உன்னைவிட்டால் ஆள் இல்லை என்று ஆக்கு. பிறகு ஷாட் தானாக உன்னிடம் வரும். தேறுவாயா என்ற பஞ்சாயத்து நடக்கட்டும், நீ பாட்டுக்கு ஆடு.

அன்புடன்,
உன் அக்கா