பழைய வண்டி 'படார்' என்று வெடித்தால் என்ன பார்க்க வேண்டும்?

கோயம்பேட்டிலிருந்து காய்கறியும் பருப்பும் ஏற்றி வர நம்மில் பலர் சொந்தமாக ஒரு சிறு வண்டி வைத்திருக்கிறோம். புது வண்டிக்கு முதல் போதாதபோது பழையதை வாங்குகிறோம். விடியற்காலையில் லோடோடு வரும் அந்த வண்டி பொன்னேரிக்கரை அருகே 'படார், படார்' என்று வெடித்து இழுக்காமல் நின்றுவிட்டால், வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றுவதிலேயே அன்றைய லாபம் கரைந்துவிடும். பிறகு பட்டறையில் பிளக் மாற்று, காயில் மாற்று, பம்ப் மாற்று என்று செலவு ஏறிக்கொண்டே போகும். என்ன எரிபொருள், எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால், வீண் செலவைப் பெரிதும் தவிர்க்கலாம்.

என்ன எரிபொருள்?

2005-ஆம் ஆண்டு 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் டீசல் வண்டியாக அறிமுகமானது. டீசல் என்ஜினில் பொறி கொடுத்து எரிக்கும் பிளக் கிடையாது. அதில் தட்டல் சத்தமோ புகையோ வந்தால் இன்ஜெக்டர், டீசல் ஃபில்டர், வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அது தனிப் பாடம். நாம் இங்கே பார்ப்பது பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும் வண்டிகளை. மாருதி ஆம்னி, மாருதி சூப்பர் கேரி, பெட்ரோலில் ஓடும் ஏஸ் கோல்டு போன்றவை இவ்வகை.

எங்கே வெடிக்கிறது?

முன்பக்கம், ஏர் ஃபில்டர் வழியாகச் சத்தம் வந்தால், சிலிண்டருக்குள் எரிய வேண்டிய நெருப்பு காற்று வரும் வழியில் திரும்புகிறது என்று பொருள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும். அடைத்த பெட்ரோல் ஃபில்டர், வலுவிழந்த பம்ப், வெடித்த ரப்பர் குழாய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். வால்வு சரியாக மூடாதது, டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியது, பிளக் வயர்களை மாற்றி மாட்டியது ஆகியவையும் காரணமாகலாம். மூன்று சிலிண்டர் ஆம்னியில் பொறி வரிசை 1-3-2. யாரோ வயரைக் கழற்றி மாட்டியதற்கு மறுநாளே வெடி தொடங்கியிருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கம், சைலன்சரில் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சூட்டில் பற்றுகிறது என்று பொருள். பழுதான பிளக்கோ காயிலோ ஒரு சிலிண்டரை 'மிஸ்' ஆக்குவது, பெட்ரோல் அளவுக்கு மேல் போவது, புகைபோகும் வால்வு தீய்ந்திருப்பது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

எப்போது வெடிக்கிறது?

லோடு ஏற்றி வேகம் எடுக்கும்போது மட்டும் வெடித்தால் பிளக், காயில், பெட்ரோல் வரத்து ஆகியவற்றில் சந்தேகம் கொள்ளலாம். ஆக்சிலேட்டரை விட்டவுடன் பின்னால் 'பட், பட்' என்றால் சைலன்சர் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பார்க்கலாம். மழையிலோ வண்டி கழுவிய பிறகோ மட்டும் வந்தால் பிளக் வயரின் உறையில் கீறல் இருக்கலாம்.

சி.என்.ஜி. வண்டியில் எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். இரண்டிலும் வெடித்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான பகுதியில் இருக்கிறது. கேஸில் மட்டும் வெடித்தால் கேஸ் கிட்டைக் குறை சொல்லுமுன் பிளக்கைப் பார்ப்பது நல்லது. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. ஆகவே தேய்ந்த பிளக் கேஸில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்

1. ஏர் ஃபில்டர், ரப்பர் குழாய், வயர் இணைப்புகளைக் கண்ணால் பார்ப்பது.
2. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.
3. 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்வது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். குறியீடு பி0302 என்று மாறினால் பழுது காயிலில்தான்.
4. பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோலின் அழுத்தம்.
5. இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் டாப்பெட் இடைவெளி, கம்ப்ரெஷன், டைமிங்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒரு சொல். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் கலவை சற்று மெலியும். அது ஈரத்தையும் ஈர்க்கும். வண்டியை நெடுநாள் நிறுத்தி வைத்தால் டாங்கில் தண்ணீர் சேரலாம்.

ஓட்டிக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. சைலன்சர் வரிசையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியாத பெட்ரோல் போய் எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு பிளக்கின் விலையில் முடிய வேண்டியது பல மடங்காகிவிடும். 'செக் என்ஜின்' விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுவதே நல்லது. பிள்ளையார்பாளையத்துக்கு நூலும் பாவும் ஏற்றிப் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாக்கோ தார்ப்பாயோ சைலன்சர் பக்கம் தொங்கக் கூடாது. கேஸ் வாடை வந்தால் என்ஜினை நிறுத்தி, சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும்.

வாங்கும்போதே கேட்டுவிடுவோம்

விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த என்ஜினில் சில குறைகள் தெரியாது. குளிர்ந்த என்ஜினை நம் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். காலி வண்டியும் நல்ல வண்டியாகவே தெரியும். 25 கிலோ அரிசி மூட்டை 10 ஏற்றி வாலாஜாபாத் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் குணம் தெரிந்துவிடும். வெடிச் சத்தம் வந்தால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். பிளக் என்றால் விலையில் சிறிது குறைத்துப் பேசலாம். வால்வு என்றால் வேறு வண்டி பார்க்கலாம்.

அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. வண்டிக்கும் அதே வழக்கம் இருக்கட்டும்.