தசையில் மட்டுமா?



அடிக்கடி விழும் சிறுவனுக்கு டூஷேன் தசைச்சிதைவு என்றால், அது கால் நோய் என்றே நினைக்கிறோம். 1987இல் அமெரிக்காவில் லூயிஸ் கன்கெல் குழுவினர் கண்டறிந்த டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம், தசைச் செல்லின் சவ்வைக் கிழியாமல் உள்ளிருந்து தாங்குகிறது. இந்நோயில் அது உருவாவதில்லை.

இப்புரதம் இதயத்திலும் மூளையிலும் உண்டு. எனவே இதயம் பலவீனமாகும். சிலருக்குப் படிப்பும் கடினமாகும். அது சோம்பல் அல்ல. சவ்விலுள்ள துணைப் புரதங்களில் சார்கோகிளைக்கான் பெரும்பாலும் தசைகளில் இருக்கிறது. டிஸ்ட்ரோகிளைக்கானோ நரம்பு உட்படப் பல உறுப்புகளில் இருக்கிறது.

ஓடாத சிறுவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. இதயக் கோளாறு மறைந்தே வளரும். ஆகவே நோய் தெரிந்த நாள்முதல் எக்கோ பரிசோதனை அவசியம். குமணன்சாவடிப் பகுதிக் குடும்பங்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். சக்கர நாற்காலி வாங்கித்தரும் நாம், இதயப் பரிசோதனைக்கும் உதவுவோமாக.