வேர்ட்பிரஸ் தளத்தின் கஸ்டம் ஃபீல்டுகளை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பதிப்பகத்தின் வேர்ட்பிரஸ் தளத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பதிவு, பக்கம் தவிர ‘நூல்’ என்று தனி போஸ்ட் டைப் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் விலை, பக்கங்கள், ஐஎஸ்பிஎன், அட்டைப்படம் என்று ஃபீல்டுகள். எல்லாம் அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ், அதாவது ஏசிஎஃப் பிளக்இன்னில் செய்தவை. இதே அமைப்பு புதிய தளத்துக்கும் வேண்டும். நாலு ஃபீல்டுதானே, கையாலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம்.

## கையால் ஏன் போடக்கூடாது?

நூலின் விலை 250 என்று சேமித்தால் டேட்டாபேஸின் போஸ்ட்மெட்டா அட்டவணையில் இரண்டு வரிகள் விழும். ஒன்றில் ஃபீல்டின் பெயரும் 250-உம் இருக்கும். இன்னொன்றில் அதே பெயர், முன்னால் ஓர் அடிக்கோட்டுடன்; அதன் மதிப்பு அந்த ஃபீல்டின் கீ. ஃபீல்டை உருவாக்கும்போது ஏசிஎஃப் தானாகக் கொடுக்கும் அடையாளம் இது. அதே பெயரில் புதிய தளத்தில் நீங்களே ஒரு ஃபீல்டு செய்தால் பெயர் பொருந்தும், கீ பொருந்தாது. பழைய பதிவுகளைக் கொண்டுவந்தபின், அட்டைப்படம் வரவேண்டிய இடத்தில் வெறும் எண் வந்து நிற்பதெல்லாம் இதனால்தான். ஃபைலாக எடுத்துப்போனால் கீயும் கூடவே போகும்.

## தொடங்குமுன்

இரண்டு தளத்திலும் பிளக்இன் ஒரே பதிப்பாக இருக்கட்டும். போஸ்ட் டைப்பை ஏசிஎஃப்பிலேயே உருவாக்கும் வசதி 2023-இல் வந்த 6.1 பதிப்பில்தான் சேர்ந்தது. ஏசிஎஃப்பில் ரிப்பீட்டர், கேலரி ஃபீல்டுகளுக்கு புரோ வேண்டும். 2024 அக்டோபரில் ஏசிஎஃப்பிலிருந்து பிரிந்த செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் ஒரு தளத்திலும் ஏசிஎஃப் இன்னொன்றிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பேக்கப், இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

## எக்ஸ்போர்ட்

பழைய தளத்தில் ஏசிஎஃப் மெனுவில் டூல்ஸ் பக்கம் போங்கள். ஃபீல்ட் குரூப், போஸ்ட் டைப், டாக்ஸானமி ஆகியவற்றில் வேண்டியதை டிக் செய்து ‘எக்ஸ்போர்ட் ஆஸ் ஜேசன்’ அழுத்தினால் ஒரு ஃபைல் இறங்கும். பக்கத்திலுள்ள ‘ஜெனரேட் பிஎச்பி’ இப்போதைக்கு வேண்டாம்.

போஸ்ட் டைப்பை சிபிடி யூஐ பிளக்இன்னில் செய்திருந்தால் அது இந்த ஃபைலில் வராது. அந்தப் பிளக்இன்னின் டூல்ஸ் பக்கத்தில் கிடைக்கும் வரிகளை காப்பி செய்து புதிய தளத்தில் ஒட்ட வேண்டும்.

## இம்போர்ட்

புதிய தளத்தின் அதே டூல்ஸ் பக்கத்தில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து இம்போர்ட் கொடுங்கள். அதே கீ உள்ள ஃபீல்ட் குரூப் ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே எழுதப்படும். நூல் பக்கங்களைத் திறந்தால் 404 வருகிறதா? செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கம் போய், எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ் செய்யுங்கள்.

## பதிவுகள் அப்புறம்தான்

இதுவரை வந்தது அமைப்பு மட்டுமே. ஒரு நூல்கூட வரவில்லை. பதிவுகளை வேர்ட்பிரஸின் சொந்த எக்ஸ்போர்ட் மூலம் தனியாக எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ‘இன்வேலிட் போஸ்ட் டைப்’ என்று இம்போர்ட்டர் திருப்பிவிடும்.

எண்கள்தான் தொல்லை. இமேஜ் ஃபீல்டு படத்தைச் சேமிப்பதில்லை, படத்தின் ஐடியைச் சேமிக்கிறது. புதிய தளத்தில் ஐடி மாறிவிட்டால் ஒரு நூலுக்கு வேறொரு நூலின் அட்டை வந்து உட்காரும். ‘இந்தப் பக்கத்தில் மட்டும் காட்டு’ என்று லொகேஷன் ரூல் போட்டிருந்தாலும் இதே கதை. இவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதுதான் வழி.

## அடிக்கடி மாற்றுபவர்களுக்கு

டெஸ்ட் தளத்தில் வேலை செய்து நிஜத் தளத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்த ஏற்றுமதி இறக்குமதி அலுப்பு. தீம் ஃபோல்டருக்குள் ‘ஏசிஎஃப்’, ஒரு ஹைஃபன், ‘ஜேசன்’ என்ற பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஃபீல்ட் குரூப்பை ஒவ்வொருமுறை சேமிக்கும்போதும் ஜேசன் ஃபைல் அதில் தானே வந்து விழும். அதை நிஜத் தளத்தில் ஏற்றினால் ஃபீல்ட் குரூப் பட்டியலில் ‘சிங்க் அவைலபிள்’ தோன்றும். ஒரு கிளிக் போதும். வாங்கிய தீம் என்றால் இந்த ஃபோல்டரை சைல்ட் தீமில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தீம் அப்டேட்டில் அது போய்விடும்.